செய்தவரே சொன்ன பதில்

நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் அதன் கனத்தையும் சாவியின் சூட்சுமத்தையும் பக்கம் பக்கமாக எழுதின. ஒன்றை மட்டும் யாரும் எழுதவில்லை. நாகல்நகர்ப் பக்கம் பூட்டு வாங்கியவர்கள், சாவி சிக்கிக்கொண்டால் தேடிப் போனது விற்ற கடையை அல்ல, அரத்தைக் கையில் பிடித்து அதைச் செய்தவரை. அவர் பூட்டை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்து எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் கைவேலை அல்லவா?

கணினி வந்த பிறகு இந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பெட்டி நின்றுவிட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிடுகிறோம். அவன் அதைச் செய்தவன் அல்ல. செய்தவர் யாரென்று அவனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடுவது. ஆனால் இதே கணினி உலகத்தில், செய்தவரே முன்னால் வந்து பதில் சொல்லும் ஒரு வழக்கமும் உண்டு. அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. அரசு அலுவலகங்களின் வாசற்படி வரைக்கும் வந்தது. உள்ளே வந்து ஏன் உட்காரவில்லை என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன்.

இதில் பழக்கமில்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இயங்குதளம் என்பது பெட்டியை எழுப்பி, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை மென்பொருள். அலுவலகத்துத் தலைமை எழுத்தர் மாதிரி. அவர் பெயரில் கோப்பு எதுவும் இருக்காது, அவர் லீவு போட்டால் எந்தக் கோப்பும் நகராது. விண்டோஸ் அப்படி ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. விண்டோஸின் மூலநிரல், அதாவது அதை எழுதிய மூலப் பிரதி, அந்த நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் இருக்கிறது. லினக்ஸின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் 1987-ல் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதிப் பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். பல நாட்டுக்காரர்கள் அதை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். இதைச் சேருங்கள், அதைச் சேருங்கள் என்று அவரை நச்சரித்தார்கள். அவர் பெரும்பாலும் மறுத்துவிட்டார். மாணவன் முழுதாகப் படித்து முடிக்கிற அளவில் அது சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வாத்தியார் என்ற முறையில் அவர் செய்தது சரி என்பேன். ஆனால் கேட்டவர்களின் பசி அப்படியே இருந்தது.

ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் பொது இடத்தில் ஒரு கடிதம் போட்டார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, சொல்லுங்கள் என்பது அதன் சாரம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான். அது உலகத்துக்கு அறிமுகமானதே ஒரு கேள்வியாகத்தான். அதிலும், பயன்படுத்துபவரைப் பார்த்துச் செய்தவர் கேட்ட கேள்வி.

அந்த டிசம்பரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் கணினியில் நினைவகம் 2 எம்.பி. மட்டுமே. இன்று வாட்ஸப்பில் பூவும் விளக்குமாக வருகிற காலை வணக்கப் படங்கள் சில அந்த அளவு இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவரால் லினக்ஸில் வேலை செய்ய முடியவில்லை. லினஸுக்கு அவரை முன்பின் தெரியாது. அந்த வசதி லினஸின் சொந்தக் கணினிக்கு அவசரமும் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது வட்டில் இடம் இரவல் வாங்கிக்கொள்ளும் வசதியை எழுதிச் சேர்த்துவிட்டார். மினிக்ஸில் இல்லாத வசதி அது. அதன் பிறகு ஆட்கள் திரண்டார்கள். பணம் வேண்டாம், உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை அனுப்புங்கள் என்றார் லினஸ். பல நாடுகளிலிருந்து அட்டைகள் வந்து குவிந்தன. தவணையில் வாங்கிய அவர் கணினியின் பாக்கியைப் பயன்படுத்துவோரே வசூல் செய்து அடைத்தார்கள்.

முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு இது எவ்வளவு விசித்திரமாகப் படும் என்பதை என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் அறிவீர்கள். மனு வருகிறது. தபாலில் முத்திரை விழுகிறது. ந.க. எண் ஏறுகிறது. பிரிவு எழுத்தர் குறிப்பு எழுதுகிறார், கண்காணிப்பாளர் ஒரு சொல்லைத் திருத்துகிறார், கோப்பு மேலே போகிறது. பதில் இறங்கி வரும்போது அதில் கையெழுத்திட்டவர் அந்த நிலத்தை அளந்தவர் அல்ல. அளந்தவர் பெயர் பதிலில் எங்கும் இருக்காது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆள் மாறினாலும் அமைப்பு நிற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை அது. ஆனால் பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் நம்மிடம் பத்துக் கோப்பு உண்டாகும். லினக்ஸ்காரர்களிடம் முதல் ஆளுக்குச் சொன்ன பதில் எல்லார் கண்ணிலும் படும்படி அப்படியே கிடக்கும், பதினோராவது ஆள் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

லினக்ஸ் என்ற கருவை எடுத்து, அதைச் சுற்றி மற்ற மென்பொருள்களைக் கோத்து, நிறுவிப் பயன்படுத்தும்படி தருபவை பல. அவற்றில் மூத்தவற்றுள் ஒன்று டெபியன். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அதை 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தார். தன் பெயரையும் காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். (ஆகஸ்ட் 16 என்றதும் எங்களைப் போன்ற காரைக்கால்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1962-ல் சட்டப்படி எங்களை இந்தியாவிடம் ஒப்படைத்த நாள் அது.) டெபியன்காரர்கள் 1997-ல் பயனர்களோடு ஒரு சமூக ஒப்பந்தம் போல எழுதி வைத்தார்கள். அதில் ஒரு பிரிவு: எங்கள் மென்பொருளில் உள்ள குறைகளை மறைக்க மாட்டோம், குறைப் பதிவேடு முழுவதும் எப்போதும் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கும். தணிக்கை ஆட்சேபணைகளை எந்த அலமாரியில் வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட நாட்களை நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் பள்ளிக்கூட பிரெஞ்சு ஒரு விதத்தில் உதவியது. இந்த இயக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தவர். அவர் போகிற ஊரெல்லாம் 'ஃப்ரீ' என்றால் காசில்லாதது அல்ல, சுதந்திரமானது என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் அந்தச் சங்கடம் இல்லை. காசில்லாதது 'கிராத்துய்', சுதந்திரமானது 'லீப்ர்'. தமிழிலும் இல்லை: இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்ற சொல் எனக்கு ஆங்கில மூலத்தை விட நல்ல சொல்லாகப் படுகிறது. பிரெஞ்சுக்காரர்களும் இதில் சும்மா இல்லை. காயல் டுவால் என்பவர் 1998-ல் வெளியிட்ட மாண்ட்ரேக், சாதாரண ஆட்களும் சி.டி. போட்டு நிறுவக்கூடிய லினக்ஸாகப் பெயர் வாங்கியது. பிரான்சின் ழாந்தார்மரி போலீஸ் 2008 முதல் தன் பல்லாயிரம் கணினிகளை உபுண்டு லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டு போனது. புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி அந்த நாட்டிலிருந்து வந்ததுதான். கணினி மட்டும் வரவில்லை.

சென்னைக்கு வருவோம். 1990-களின் இறுதியில் அங்கே லினக்ஸ் பயனர் குழு ஒன்று உருவானது. மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில், வானூர்திப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் கூடுவார்கள். இரண்டாவது சனி அரசு ஊழியர்களுக்கு விடுமுறை என்பது அவர்கள் கணக்கில் இருந்ததோ இல்லையோ. கூட்டம் இல்லாத நாட்களில் மின்னஞ்சல் வழியே கேள்வியும் பதிலும் ஓடும். மாணவர்கள், வேலை பார்ப்பவர்கள், ஊட்டி மலையில் உட்கார்ந்திருந்த ஒரு மூத்தவர் என்று பலரும் பதில் சொன்னார்கள். அந்த மூத்தவர் கென்னத் கோன்சால்வஸ். பதில் சுருக்கமாக இருக்கும், சில சமயம் சுள்ளென்றும் இருக்கும், ஆனால் வரும். அவர் 2012-ல் காலமானார். இந்தியாவின் பைத்தான் நிரலாளர்கள் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள்.

தமிழுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. யூனிகோடு என்ற உலகக் குறியீட்டில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றுவிட்டது. ஆனால் அதைத் திரையில் சரியாக வரைவது வேறு வேலை. 'கொடி' என்று அடித்தால் கணினி முதலில் ககரத்தையும் பிறகு ஓசைக் குறியையும் சேமித்துக்கொள்கிறது. நாம் எழுதும்போதோ கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது. தமிழ் தெரியாத வெளிநாட்டார் எழுதிய மென்பொருள்கள் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு தனியாக, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், எழுத்து எங்கோ. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் லினக்ஸில் தமிழ் பார்த்தவர்களுக்கு இந்தப் புள்ளி வட்டம் மறக்காது.

இதைச் சரி செய்ததில் பாதி பயன்படுத்தியவர்களின் வேலை. எந்தச் சொல்லை அடித்தபோது எப்படி வந்தது, எப்படி வந்திருக்க வேண்டும் என்று படம் பிடித்து அனுப்பினார்கள். செய்தவர்கள் திரும்பக் கேட்டார்கள்: ஐகாரத்திலும் இப்படியா? ஸ்ரீ எப்படி வரும்? தமிழ் தெரியாதவர் தமிழ் எழுத்தை வரையக் கற்றது இப்படித்தான். ரெட் ஹேட் நிறுவனம் 'லோகித்' என்ற எழுத்துருவைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட பிறகு லினக்ஸில் கண்ணுக்கு இதமான தமிழ் கிடைத்தது. 'தமிழா' குழுவின் முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை விண்டோஸ்காரர்களுக்கு யூனிகோடுத் தமிழை அடிக்க வழி செய்தது.

மொழிபெயர்ப்பு தனிக் கதை. இயங்குதளத்தின் பட்டியல்கள், எச்சரிக்கைகள், உதவிக் குறிப்புகள் என்று ஆயிரக்கணக்கான வரிகள். இதைச் சம்பளம் இல்லாமல் செய்தவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர். பகலில் ஊசி போட்டுவிட்டு இரவில் டெபியனின் நிறுவல் திரையைத் தமிழாக்கினார் என்றால் நம்புவீர்களா? உபுண்டுவின் தமிழ்க் குழுவை நடத்தியவர் 'ஆமாச்சு' என்ற பெயரில் எழுதிய ராமதாஸ். 'ஃபைல்' என்பதற்குக் 'கோப்பு' என்று அவர்கள் போட்டது எனக்குப் பரம சந்தோஷம், அது நம் அலுவலகச் சொல். 'அடைவு' என்பது மட்டும் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. வங்கிக் கடன் அடைவு மாதிரி ஒலிக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை ஏன் வைத்தீர்கள் என்று வைத்தவரையே கேட்க முடிந்தது. அரசாணைத் தமிழில் வரும் சொற்களுக்கு நான் யாரைக் கேட்டிருக்க முடியும்?

ஓய்வு பெற்ற புதிதில் உபுண்டு நிறுவனத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சி.டி. அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தபால் செலவும் அவர்களுடையதே. எனக்கும் ஒன்று வந்தது. நிறுவிய பிறகு, பழைய எழுத்துருவில் நான் அடித்து வைத்திருந்த நூறு பக்கம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. தமிழிலேயே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "ஐயா, எழுத்துருவின் பெயரைச் சொல்லுங்கள்" என்று ஒரு பையன். சொன்னேன். சுரதா உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றியைக் காட்டிக் கொடுத்தான். மறுநாள் காலையில் இன்னொருவர் வந்து, மாற்றிய பிறகு சில எழுத்துகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும் என்று பட்டியலோடு எழுதியிருந்தார். இவரது பெயரை எங்கோ பார்த்த ஞாபகம். தேடினால், நான் பயன்படுத்திக்கொண்டிருந்த அதே மென்பொருளின் தமிழாக்கியோர் பட்டியலில் இருந்தது. நம்மூர்ப் பூட்டு ஆசாரியிடம் போன மாதிரிதான்.

இனி அரசாங்கம். திருவாரூரில் ஆட்சியராக இருந்தபோது 1999 முதல் தாலுகா அலுவலக வேலைகளைக் கணினிக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் சி. உமாசங்கர். அவர் 2006-ல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார். முதலில் தன் நிறுவனத்துக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றினார். பிறகு எல்காட் வழியாக வாங்கிய பள்ளிக் கணினிகளுக்கும் அதையே கொண்டுபோனார். ஊருக்குச் சொல்லும் முன் தன் மேசையில் செய்து பார்த்த அதிகாரி என்பதால் எனக்கு மரியாதை உண்டு. 2008-ல் அவர் அந்தப் பதவியிலிருந்து போனார். வேகமும் கூடவே போய்விட்டது.

அதே காலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய இயங்குதளத்தை 2007 ஜனவரியில் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் அதற்குள்ளேயே இருந்தன. 2011 செப்டம்பர் 15-ல் மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் பாஸும் இரண்டுமே இருந்தன. அரசு அதை 'விலையில்லா' மடிக்கணினி என்றது. விலையில்லாப் பெட்டிக்குள் கட்டற்ற இயங்குதளம்! இரண்டு சொல்லின் வித்தியாசத்தையும் ஒரே பெட்டியில் காட்டியிருக்கலாம். நம் ஊரில் நான் பார்த்த பிள்ளைகளில் பலர் பாஸை ஒரு தடவை திறந்து பார்த்ததோடு சரி. சிலர் கடையில் கொடுத்து அதை எடுத்தே விட்டார்கள்.

பிறகு 2014. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. அதை ஒட்டித் தமிழக அரசு, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று அறிவுறுத்தியது. பத்திரிகைகளில் பெரிய செய்தி. சி-டாக் பயிற்சியும் கொடுத்தது, உதவிக்கு ஆட்களையும் வைத்திருந்தது. ஆனாலும் எழுத்தர் மேசைகளில் அது வேரூன்றவில்லை.

காரணம் என்னவென்று பலரும் பலது சொல்வார்கள். அச்சுப்பொறி ஒத்துழைக்கவில்லை, பழைய எழுத்துருக் கோப்புகள் திறக்கவில்லை, துறைகளின் தனி மென்பொருள்கள் விண்டோஸில்தான் ஓடின. எல்லாம் உண்மை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. சென்னையில் ஒரு வகுப்பறை முழுக்கப் பதில் சொல்லத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. ஏன் இல்லை என்பது என்னைப் போன்றவனுக்குத் தெரியும். அரசு ஊழியனுக்கு ஊறிப்போன ஒரு சொற்றொடர் 'உரிய வழியாக'. எழுத்தர் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும், அவர் அலுவலரிடம், அவர் மேலிடத்துக்கு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அச்சுப்பொறி 'ழ'வை விழுங்குகிறது என்ற விஷயம் முறைப்படி மேலே போய், மூன்று மாதம் கழித்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்தை அணுகவும் என்று இறங்கி வந்தது. அதே கேள்வியை யாரோ ஒரு முகம் தெரியாத இளைஞனிடம் பொதுவில், தன் பெயர் போட்டு, அலுவலகக் கணினியைப் பற்றிக் கேட்பதா? நடத்தை விதிகள் அப்படிச் சொல்லாவிட்டாலும் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்துவிடுமோ என்ற பயம் போதும், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆணை போட்டவர்கள் இயங்குதளத்தைக் கொடுத்தார்கள். கேட்கலாம் என்ற அனுமதியைக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு வரியில் கொடுத்திருக்கலாம்: கணினி சம்பந்தமான ஐயங்களை ஊழியர்கள் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று. எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்தவன், அதில் அந்த வரி எங்கே உட்காரும் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்த வீட்டில் வேறு மாதிரி நடந்தது. கேரளத்தில் 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கிற்று. சில வருடங்களில் பள்ளிகளின் கணினிப் பாடம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அங்கே அவர்கள் செய்த காரியம், வாத்தியார்களையே பதில் சொல்பவர்களாக ஆக்கியது. மாவட்டந்தோறும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அவர்களிடம் கேட்கும் பள்ளி ஆசிரியர்கள், அவர்களிடம் கேட்கும் பிள்ளைகள். கேள்வி மேலே போய்த் திரும்புவதற்குள் ஆறிப்போகவில்லை. அந்தத் திட்டம் 2017-ல் 'கைட்' என்ற நிறுவனமாகி இன்றும் பள்ளிகளுக்கென்று சொந்த லினக்ஸ் வெளியிடுகிறது. பழனியிலிருந்து பொள்ளாச்சி போய் எல்லை தாண்டினால் பாலக்காடு. அவ்வளவு தூரத்தில் நடந்தது இது.

லினக்ஸ்காரர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள் என்று நினைக்க வேண்டாம். கையேட்டைப் படித்துவிட்டு வா என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-ல் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்கள். என்ன செய்தாய், என்ன வந்தது, திரையில் வந்த வாசகம் எழுத்துப் பிசகாமல் என்ன, முதலில் நீயே எங்கெல்லாம் தேடினாய் என்று சொல்லிவிட்டுக் கேள் என்பது அதன் கருத்து. தொனி கொஞ்சம் கடுமை. ஆனால் மனு எழுதத் தெரியாமல் நான்கு பக்கம் குடும்பக் கதை எழுதிக் கடைசி வரியில் பட்டா எண்ணை விட்டுவிடும் மனுக்களை ஆயுள் முழுக்கப் படித்தவனுக்கு அவர்கள் எரிச்சல் புரிகிறது. லினஸே சக நிரலாளர்களைக் கண்டபடி திட்டுவதில் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்து திரும்பி வந்தார்.

தமிழில் கேட்கும் தயக்கத்தை ஓரளவு உடைத்தது 'கணியம்' மின்னிதழ். த. சீனிவாசன் 2012 ஜனவரியில் தொடங்கியது. சென்னைக் குழுவில் பழகியவர் அவர். து. நித்யா அதில் எளிய தமிழில் எழுதிய தொடர்கள் பிறகு மின்னூல்களாயின, யாரும் எடுத்துப் படிக்கலாம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதிலைப் புத்தகமாக்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையத்தில் தமிழிலேயே கூடுகிறது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இவர்களில் யாரும் 'உரிய வழியாக' வா என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், 2014-ன் கதை மறுபடி வந்திருப்பதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. காலையில் நடக்க வரும் நண்பர்களிலேயே மூன்று பேர், நல்லா ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடுவதா என்று கேட்டுவிட்டார்கள். போட வேண்டாம். டெபியனோ உபுண்டுவோ அதில் ஓடும். அதற்கு முன் வீட்டுக்குப் போய், உங்கள் கணினியில் நினைவகம் எத்தனை ஜி.பி. என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் பேசும்போது முதலில் கேட்பது அதைத்தான்.